மருமகளின் பையோடு போன குக்கர் வெயிட்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. மர்பி டவுன் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் மளிகைச் சீட்டு எழுதத்தான். முன்னே நடந்தது பின்னே வரும், பாதி மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளாமல் படிக்க வேண்டும். ஆனால் ஒன்று மட்டும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. எங்கள் வீட்டுக் குக்கர் வெயிட். கட்டைவிரல் பருமன், மேலே கறுப்புக் கொண்டை, ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கியிருக்கும். ஒருநாள் கை தவறி கிரைண்டர் மேல் விழுந்த நசுங்கல் அது. இன்டர்வியூ இருக்கிற நாட்களில் என் மருமகள் அதைக் குக்கரிலிருந்து கழற்றித் தன் பேன்ட் பைக்குள் போட்டுக்கொள்வாள். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீடு ஒரு ஹாலும் ஒரு சமையலறையும்தான், நடுவில் கதவு கிடையாது. முதல் இன்டர்வியூவில் கம்ப்யூட்டருக்குள் யாரோ கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் வைத்திருந்த துவரம்பருப்பு விசில் அடித்துவிட்டது. கேட்டவர் பயந்துபோய் என்ன சத்தம் என்று கேட்டாராம். இவளுக்குப் பேச்சு தொடர்பு விட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து வெயிட் அவள் பையில், நான் சாதத்தை வெறும் பாத்திரத்தில் தட்டுப் போட்டு வடித்துக்கொண்டிருந்தேன்.

ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து இந்தக் கன்னட ஊருக்கு என் மகனுக்குக் கட்டிக்கொண்டு வந்த பெண். இங்கேயே எம்.எஸ்சி. படித்துவிட்டு ஒரு தண்ணீர் சோதிக்கிற லேபில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அபார்ட்மென்ட்டுகளிலிருந்தும் கம்பெனிகளிலிருந்தும் போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் பாட்டிலில் வரும். நல்லதா கெட்டதா என்று பார்த்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அவளுக்கு அது போதவில்லை. சாக்கடையிலும் ஏரியிலும் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள் வளர்கின்றன, அதைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். இங்கேயே ஒரு பெரிய தேர்வு எழுதினாள். தேறினாள், ஆனால் உதவித்தொகைக்கு எட்டவில்லை. ஊரில் பெரிய இடங்களில் கேட்டால், சேர்த்துக்கொள்கிறோம் ஆனால் இந்த வருஷம் பணம் இல்லை என்றார்கள். வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் எங்களுக்குப் பணம் இல்லாத படிப்பு எதற்கு? அதனால்தான் வெளிநாட்டுப் பக்கம் பார்க்க ஆரம்பித்தாள்.

"இன்னும் படிப்பாம்மா?" என்று கேட்டேன்.

"படிப்பு இல்ல அத்த, வேலை மாதிரி. அவங்களே மாசாமாசம் சம்பளம் குடுப்பாங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. படிப்பதற்குப் பணம் கொடுத்துத்தான் பார்த்திருக்கிறேன், வாங்கிப் பார்த்ததில்லை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவில் ஒருவர் போனில் லாட்டரி விழுந்தது என்று சொன்னதை நம்பி ஏமாந்திருந்தார். மகனைத் தனியாகக் கூப்பிட்டு, இதுவும் அந்த மாதிரி ஆட்கள்தானா பார் என்றேன். அவன் சிரித்துவிட்டு, "ஏமாத்தறவன் உடனே பதில் போடுவான்மா. இவங்க பதிலே போட மாட்டேங்கறாங்க, அதனால நெஜம்தான்" என்றான்.

அவன் சொன்னது எவ்வளவு உண்மை என்பது போகப் போகத்தான் தெரிந்தது. காலையில் தண்ணீர் பிடித்து முடித்ததும் சாப்பாட்டு மேஜையில், நான் கீரை ஆய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, கம்ப்யூட்டரைத் திறந்துவிடுவாள். பல்கலைக்கழகங்கள் போடுகிற விளம்பரங்களை வாய்விட்டுப் படித்துக் காட்டுவாள். எனக்குப் புரியட்டும் என்று தமிழில் சொல்லுவாள். மேலே கொட்டை எழுத்தில் முழு உதவித்தொகை என்று இருக்கும். கீழே இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கழன்று போகும். எங்கள் நாட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று ஒன்று சொல்லும். ஏற்கெனவே இங்கே படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று இன்னொன்று சொல்லும். ஒருநாள் ரொம்ப நல்ல இடம் என்று படித்துக்கொண்டு வந்தவள் கடைசியில் நிறுத்திவிட்டாள்.

"ஃபீஸ் மட்டும்தான் அத்த. தங்கறது சாப்பிடறதெல்லாம் நம்மளதாம்."

"அப்ப முழுசுன்னு ஏன் போட்டான்?"

"அவங்க கணக்குக்கு அது முழுசு."

"சோறு போடாம என்னா முழுசு?" என்று நான் கீரைத்தண்டை ஒடித்தேன். அந்த நாட்டுக்காரர்கள் என் முன்னால் இருந்திருந்தால் அன்றைக்குக் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். இல்லை, கேட்டிருக்க மாட்டேன். பால்காரரிடமே வாய் திறந்து பேச வராதவள் நான்.

விளம்பரம் இல்லாத இடங்களுக்கும் அவளே எழுதிப் போட்டாள். அது இன்னும் பெரிய தலைவலி. ஒரு வாத்தியாருக்கு ஒரு மெயில் எழுத அவர் எழுதிய கட்டுரைகளையெல்லாம் முதலில் படிக்க வேண்டுமாம். படித்துவிட்டு, உங்கள் வேலையில் இந்த இடம் எனக்கு இப்படித் தோன்றுகிறது, நான் இங்கே இதைப் பார்த்திருக்கிறேன் என்று அவருக்கென்றே எழுத வேண்டுமாம். கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு மேலே பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் ஆகாதா என்று கேட்டேன். "பேரை மட்டும் மாத்தினா கண்டுபிடிச்சிடுவாங்க அத்த. தொறந்துகூடப் பாக்க மாட்டாங்க" என்றாள். அந்தப் பேச்சைப் பிற்பாடு நான் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டேன்.

அப்படி உருகி உருகி எழுதியதற்கும் பதில் வராது. எப்போதாவது டிங் என்று சத்தம் கேட்கும். கையில் இருந்த காபியை வைத்துவிட்டு ஓடுவாள். நான் விடுமுறையில் இருக்கிறேன், திரும்பி வந்து பார்க்கிறேன் என்று மெஷினே போட்ட பதிலாக இருக்கும். திரும்பி வந்தும் பார்க்க மாட்டார்கள். ஒரு வாத்தியாருக்கு எத்தனை விடுமுறை! மனுஷரே போட்ட பதில் வந்தால் அது வேறு மாதிரி. முதல் வரியில் நன்றி, இரண்டாவது வரியில் அன்ஃபார்ச்சுனேட்லி. அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையை நான் அவள் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். அவள் மனசுக்குள் படிக்கும்போது உதடு அந்த இடத்தில் கொஞ்சம் நிற்கும். நான் எழுந்து அடுப்பில் பால் வைப்பேன். வேண்டாம் என்பதைச் சொல்லக்கூட இவ்வளவு மரியாதையா என்று எனக்கு எரிச்சல் வரும். அவள் மட்டும், "பதிலாவது போட்டாங்களே" என்பாள். அவளுடைய பொறுமைதான் என்னை எல்லாவற்றையும்விட எரிச்சலாக்கியது.

இப்படியே மூன்றாவது குளிர்காலம் வந்துவிட்டது. அவளுக்கு முப்பது தாண்டியாயிற்று, இன்னும் குழந்தை இல்லை, ஆம்பூர்க்காரர்கள் போன் பண்ணினால் அதுதான் பேச்சு. என் மகன் ஒன்றும் சொல்ல மாட்டான், அவன் குணம் அப்படி. அவளேதான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "இந்த வருஷம் அப்ளை பண்றதுதான் கடைசி. வரலைன்னா கம்ப்யூட்டரை மூடிடறேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சொன்னால் செய்கிறவள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அன்றைக்கு ரசம் யாருக்கும் இறங்கவில்லை.

அந்த வருஷம்தான் நெதர்லாந்தில் ஓர் இடம் வந்தது. சாக்கடைத் தண்ணீர், மருந்துக்கு அடங்காத கிருமி, நாலு வருஷம் சம்பளம். அவளுக்கென்றே எழுதி வைத்த மாதிரி இருந்தது. ஆனால் அவளைத் தெரிந்த இரண்டு பேர் சிபாரிசுக் கடிதம் எழுதித் தர வேண்டும். ஒன்று, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் ஆசையாகத் தானே எழுதிக் கொடுத்தார். இன்னொன்று அவள் எம்.எஸ்சி. படித்த காலேஜ் பேராசிரியர் தர வேண்டும். என் கண் பரிசோதனைக்குப் போய்விட்டு வருகிற வழி என்பதால் நானும் கூடப் போனேன். கண்ணில் ஊற்றிய மருந்தில் எனக்கு எல்லாம் மங்கலாகத் தெரிய, அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வகுப்பு முடிந்து வந்தார், மீட்டிங் போனார், மீட்டிங் முடிந்து வந்தார், சாப்பிடப் போனார். கடைசியில் உள்ளே கூப்பிட்டார். நல்ல மனுஷர் மாதிரிதான் இருந்தார். என்னைப் பார்த்து, "அம்மாவா?" என்றார். மாமியார் என்றதும், "அட, மாமியாரே கூட்டிட்டு வந்திருக்காங்களா!" என்று சத்தமாகச் சிரித்தார். நான் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"லெட்டர்தானேம்மா? நீயே எழுதிக் கொண்டா. உன்னைப் பத்தி உனக்குத்தானே தெரியும். நான் படிச்சுட்டு என் பேர்ல அனுப்பிடறேன்."

வெளியே வந்ததும், இது என்ன கூத்து என்று கேட்டேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். நூறு பிள்ளைகளுக்கு அவர் ஒருவர் எப்படி எழுதுவார் என்று அவருக்காக இவள் வாதாடினாள்.

மறுநாள் மேஜையில் உட்கார்ந்து எழுதினாள், அடித்தாள், எழுதினாள். இன்னொருவர் வாயிலிருந்து தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள வேண்டும், அது அவளுக்கு வரவே இல்லை. எழுதியதைப் படித்துக் காட்டினாள். ஒழுக்கமானவள், நேரம் தவறாதவள், பெரியவர்களிடம் மரியாதை உள்ளவள்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட சொல்ற மாதிரி இருக்குது" என்றேன்.

"அப்ப நீங்களே சொல்லுங்க அத்த. நான் எப்படிப்பட்டவ?"

"சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கல."

மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். முந்தின கோடையில் போர்வெல் வற்றித் தெருவே குடத்தோடு நின்றபோது இவள் டேங்கரை மறித்தாள். மேல் மூடியைத் திற, தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றாள். டேங்கர்காரர், "மேடம், நீரு பேக்கா பேட்வா?" என்று கத்தினார். தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று அவர் கேட்டதற்கு, பின்னால் நின்ற பெண்களெல்லாம் வேண்டும் வேண்டும் என்று கன்னடத்திலும் தமிழிலும் கத்தினார்கள். இவள் அசையவில்லை. பாட்டிலில் பிடித்து லேபுக்குக் கொண்டுபோனாள். கெட்ட தண்ணீர் என்று வந்தது. சரி, அதோடு விட்டாளா? பாட்டில் சரியாகக் கழுவாமல் இருந்திருந்தால் என்ன செய்வது என்று தன் பாட்டில் மேலேயே சந்தேகப்பட்டு, மறுபடியும் அதே டேங்கரை மறித்து மறுபடியும் பிடித்தாள். அப்போதும் கெட்டதுதான். ஆனால் அந்த வாரம் முழுக்கத் தெருவில் யாரும் என்னோடு பேசவில்லை. "உனக்கு யார் சொன்னாலும் நம்பிக்கை கெடையாது. நீயே சொன்னாலும் நம்பிக்கை கெடையாது. அதுதான் நீ" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியே இங்கிலீஷில் எழுதிவிட்டாள். பேராசிரியர் படித்துப் பார்த்து, பிரமாதம் என்று சொல்லி அனுப்பியும் விட்டார்.

இன்டர்வியூ மத்தியானம். சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிவிட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்தாள். வெயிட் பையில். நான் சமையலறையில் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டருக்குள் நரைத்த தலையோடு ஓர் அம்மாள். அவர்தான் அங்கே பேராசிரியர். பேச்சு நன்றாகத்தான் போனது. எனக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் குரல் தெரியும். திடீரென்று அந்த அம்மாள் டேங்கர் என்றார். எங்கள் தெரு டேங்கரைப் பற்றி அந்த ஊரில் என்ன பேச்சு என்று நான் எட்டிப் பார்த்தேன். பையில் இருந்த இவள் கை இறுகியது. பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். மதர்-இன்-லா என்று காதில் விழுந்ததும் நான் ஸ்டூலோடு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டேன். என்னைக் கூப்பிட்டுவிடப் போகிறார்களே என்று பயம்.

முடிந்ததும் வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். கையை விரித்தாள். வெயிட்டின் அச்சு உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

நடந்தது இதுதான். அவள் எழுதிக் கொடுத்த கடிதம் நன்றாக இருக்கிறதென்று காலேஜ் பேராசிரியர் அதையே இன்னொரு மாணவிக்கு, இது மாதிரி எழுதிக் கொண்டா என்று கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டாள். அவரும் படிக்காமல் அனுப்பிவிட்டார், அதே இடத்துக்கு. அந்த அம்மாள் கேட்டாராம், "உங்கள் ஊரில் டேங்கரை மறித்தவர்கள் இரண்டு பேரா?" என்று.

"நீ என்னா சொன்னே?"

"நெஜத்தைச் சொன்னேன். சாரே எழுதிட்டு வரச் சொன்னாரு, நான்தான் எழுதினேன், டேங்கரை மறிச்சது நான்தான், ஆனா அதைக் கொறையாச் சொன்னது எங்க மாமியார்னு சொல்லிட்டேன்."

அந்த அம்மாள் சிரிக்கவும் இல்லையாம், திட்டவும் இல்லையாம். அந்தப் பேராசிரியர் அனுப்பிய கடிதத்தை இரண்டு பேருக்குமே கணக்கில் எடுக்க முடியாது, உங்களை வேலையில் பார்த்த ஒருவர் தன் கையால் எழுதி, இந்த வாரத்துக்குள் எனக்கு நேராக அனுப்பினால் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். அந்த மாணவிக்கும் அதே பதில்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அந்த ஆளுக்குப் போனைப் போடு, நான் கேக்கறேன்!" என்றேன். நான் இப்படிச் சொன்னதைக் கேட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "விடுங்க அத்த. அவரு படிச்சப்ப அவரு வாத்தியாரும் இப்படித்தான் பண்ணியிருப்பாரு" என்றாள்.

வேலையில் பார்த்தவர் என்றால் லேப் மேனேஜர் ஒருவர்தான். அவரிடம் இவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. போகப் போகிறாள் என்று தெரிந்தால் இருக்கிற வேலையும் ஆட்டம் காணும் என்கிற பயம். வேறு வழியில்லாமல் போய்ச் சொன்னாள். அவர் பாட்டுக்குப் பாட்டில்களை அடுக்க ஆரம்பித்துவிட்டாராம். வாரமும் ஓடி, கெடுவின் கடைசி நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மனுஷர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். மகனும் மருமகளும் காய் வாங்கப் போயிருந்தார்கள். அவரைத் தனியாக உட்கார வைத்துக் காபி கொடுக்க வேண்டிய கஷ்டம் எனக்கு.

"நீங்க சொன்னா கேப்பாங்களாம்மா? சம்பளம் ஏத்தித் தர்றேன். இருக்கச் சொல்லுங்க."

எனக்கும் அவள் இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. யாருக்குத்தான் இருக்காது? ஆனால் தட்டைப் பார்த்துக்கொண்டு, இதுதான் கடைசி என்று அவள் சொன்ன முகம் முன்னால் வந்து நின்றது. கதவைப் பிடித்துக்கொண்டு, "அவ யார் சொன்னாலும் கேக்க மாட்டா சார்" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதாம்மா? ஒரு டெஸ்ட்டை ஒரு தடவை பண்ணுன்னா ரெண்டு தடவை பண்றாங்க. கஸ்டமர் எல்லாம் என்னைத் திட்டறான். லேட், லேட், எதுக்கெடுத்தாலும் லேட். ஆனா அவங்க குடுத்த ரிப்போர்ட் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை. அவங்க போயிட்டா நான் யாரை நம்பறது?"

எங்கிருந்து தைரியம் வந்ததோ. "இதையே எழுதிடுங்க சார்" என்றேன்.

அவர் காபியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கோபமாகத்தான் எழுந்து போனார். வாசலில் செருப்பு மாட்டும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் அன்றைக்கே எழுதி அனுப்பிவிட்டார். என்ன எழுதினார் என்பது இவள் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அந்த நரைத்தலை அம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. இந்தப் பெண்ணை உங்களிடம் அனுப்ப எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை என்றுதான் கடிதம் ஆரம்பித்ததாம். மீதியெல்லாம் என்னிடம் புலம்பிய அதே புலம்பல்.

இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. அவளைப் பாராட்டி எழுதிய வரிகளெல்லாம் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். பெயரை மாற்றினால் போதும். அவளோடு மல்லுக்கட்டியவர்கள் சொன்ன குறை மட்டும்தான் வேறு யாருக்கும் பொருந்தவில்லை. நான் இதையெல்லாம் எரிச்சலோடு எழுதுகிறேன் என்று யாராவது நினைத்தால், நினைக்கட்டும்.

இடம் கிடைத்த மெயில் வந்த அன்று அவள் அதையும் நம்பவில்லை. அன்ஃபார்ச்சுனேட்லி எங்கே என்று மேலும் கீழும் தேடினாள். மகனைப் படிக்கச் சொன்னாள். அங்கே எழுதி, நிஜம்தானா என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் அழுதாள். போகிற நாளில் ஏர்போர்ட்டில் பையைச் சோதிக்கிற இடத்தில் அவளைத் தனியாக நிறுத்திவிட்டார்களாம். உள்ளே கறுப்பாக ஏதோ உருண்டையாகத் தெரிகிறது என்று கேட்டார்களாம். உள்ளே போய் உட்கார்ந்ததும் போன் பண்ணினாள். "அத்த, வெயிட் என் பையிலயே வந்துடுச்சு. சமையலுக்கு என்னா பண்ணுவீங்க?" வேறு வாங்கிக்கொள்கிறேன், நீ கட்டாயம் சாப்பிடு என்று மட்டும் சொல்ல முடிந்தது.

வேறு ஒன்று வாங்கினோம். அதே கம்பெனிதான் என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். ஆனால் விசில் மெலிசாக, மூக்கடைத்த மாதிரி வருகிறது. பழையது அவள் மேஜையில் காகிதங்கள் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறதாம். என் மகன் வருகிற வருஷம் அங்கே போகலாம் என்கிறான். விசா, அது இது என்று இப்போது அவன் மேஜையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு மறுபடியும் தலைவலி ஆரம்பித்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போனில் முகம் காட்டுவாள். போன் அடிக்கும்போதெல்லாம் என் கை தானாகவே அடுப்பை அணைத்துவிடும். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள். "அத்த, ஏன் அணைக்கிறீங்க? எரியட்டும். விசில் கேட்டு எவ்ளோ நாளாச்சு" என்றாள். மறுபடியும் பற்றவைத்தேன். இரண்டு பேரும் காத்திருந்தோம். முதல் விசில் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "இது நம்மளுது இல்லையே" என்றாள். அவளிடம் இதைக்கூட ஏமாற்ற முடியாது.

அவ்வளவுதான் எழுத வந்தது. நாட்டின் பெயர், கிருமியின் சமாசாரம், எது முன்னே எது பின்னே நடந்தது என்பதையெல்லாம் யாராவது ஒருமுறை சரிபார்த்தால் நல்லது. என் மருமகளிடமே கொடுக்கலாம். இரண்டு தடவை பார்ப்பாள்.